கையும் கண்ணும்: வான் கோவின் ஆரம்பகாலக் கோட்டோவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்று மனிதனின் ஆற்றல்களையும் குணங்களையும் இரு கூறாக வகுத்துக் காண்கின்றது. சித்திரமும் பேச்சும் கல்வியும் நடையும் பழக்கத்தால் அமைவன. நட்பும் இரக்கமும் ஈகையும் பிறப்போடு வருவன என்பது அதன் கருத்து. ஓவியனைப் பிறவி மேதையாகவே காண விழையும் மனோரதியவாதிகளின் கொள்கைக்கு இது முற்றிலும் மாறானது. கலைத்திறனைக் கைவினைஞனின் பயிற்சியோடு சேர்த்து நோக்கும் பழைய மரபொன்று இதில் வெளிப்படுகின்றது. ஆயினும், இப்பாகுபாடு ஒரு வினாவையும் எழுப்புகின்றது. இரக்கத்தினால் உந்தப்பட்டு ஒருவன் வரையத் தொடங்கும்போது, பிறப்போடு வந்த அக்குணத்துக்கும் பின்னர் வந்துசேரும் கைப்பழக்கத்துக்கும் உள்ள உறவு யாது? கை வளர வளர இரக்கம் இருந்தபடியே இருக்கின்றதா? அன்றி, அதுவும் மாற்றமடைகின்றதா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஒல்லாந்து ஓவியர் வின்சென்ற் வான் கோவின் (1853 – 1890) ஆரம்பகாலக் கோட்டோவியங்களிலும் பொருத்தமானவை அரிது. இருபத்தேழாவது வயதிலேயே ஓவியனாவதென்று முடிவு செய்த அவர், பத்து ஆண்டுகளே அத்துறையில் உழைத்தார். அப்பத்தாண்டுக் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்களை ஆக்கினார். எந்தப் படத்தை எந்த நோக்கத்தோடு வரைந்தார், எதில் தோல்வியுற்றார், எதைத் திருத்த முனைந்தார் என்பனவற்றைத் தம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் இடையறாது பதிவு செய்துள்ளார். ஒரு கலைஞனின் பயிற்சிக்காலம் இத்துணை வெளிச்சத்தில் நடைபெற்றமைக்கு வேறு உதாரணங்கள் மிகச் சிலவே.

ஆரம்பகாலப் படைப்புகளைத் திரும்பிப் பார்க்கும் விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கின்றனர். பின்னாளின் புகழை மனத்திற் கொண்டு, தொடக்கத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மேதைமையின் வித்தைத் தேடுவது ஒன்று. பின்னாளின் தேர்ச்சியை அளவுகோலாக வைத்து, தொடக்கத்திலுள்ள வழுக்களை மட்டும் எண்ணிக் கணக்கிடுவது மற்றையது. முன்னது வழிபாடு, பின்னது பரீட்சைத் தாள் திருத்தம். இரண்டுமே முடிவை முன்கூட்டி அறிந்துகொண்டு தொடக்கத்தை வாசிப்பனவாதலால், வளர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளக்கமாட்டா. ஒரே பொருளை ஒரே கலைஞன் வெவ்வேறு காலங்களில் எவ்வாறு வரைந்தான் என ஒப்புநோக்குவதே இவற்றிலும் பயனுள்ள வழி. வான் கோவிடம் இதற்கான சான்றுகள் நிறையவே உண்டு.

கைக்கு முந்திய கண்

வான் கோ 1880 இல் பென்சிலைக் கையிலெடுத்தபோது, ஓவியம் அறியாதவராக இருக்கவில்லை. 1869 முதல் 1876 வரை கூப்பில் நிறுவனத்தின் ஹேக், இலண்டன், பாரிஸ் கிளைகளில் ஓவிய வணிகத்தில் ஊழியராகப் பணியாற்றியவர் அவர். ஏராளமான படங்களையும் அச்சுப் பிரதிகளையும் அந்நாட்களிற் கண்டிருந்தார். உழவரின் வாழ்வை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயிடம் அவருக்கு இருந்த ஈடுபாடும் இக்காலத்திலேயே வேரூன்றியது. பின்னர் பெல்சியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிற் சமயப் பணியாளராகச் சென்று, சுரங்கத் தொழிலாளரின் வறுமையைத் தாமும் ஏற்று வாழ்ந்தார். அப்பதவி 1879 இல் நீடிக்கப்படாமற் போயிற்று. அடுத்த ஆண்டு, அதே மக்களிடையே இருந்துகொண்டு வரையத் தொடங்கினார்.

ஆகவே, தொடக்கத்திலேயே இரண்டு அவரிடம் இருந்தன: பழகிய கண்ணும் ஆழ்ந்த பரிவும். இல்லாதிருந்தது கை ஒன்றே. 1880 இல் வரைந்த, பனியில் வேலைக்குச் செல்லும் சுரங்கத் தொழிலாளரைக் காட்டும் பென்சிற் படத்தில் இவ்விடைவெளி துலாம்பரமாகத் தெரிகின்றது. மனிதர் வரிசையாக நடக்கின்றனர். ஆயின், அவர்தம் கால்கள் நிலத்தில் ஊன்றவில்லை. உடலுக்குத் தலை பொருந்தவில்லை. உடைக்குள் உடல் இருப்பதாகத் தோன்றவில்லை. வரைந்தவர் அம்மக்கள்பால் எத்துணை இரக்கங் கொண்டிருந்தார் என்பது வாழ்க்கை வரலாற்றிலிருந்து தெரியவருகின்றதே தவிர, படத்திலிருந்து தெரியவரவில்லை. கூனிய முதுகு ஒன்றையேனும் கனத்தோடு வரைய இயலாதவனுடைய இரக்கம், தாளில் வெறும் கருத்தாகவே நின்றுவிடுகின்றது. உள்ளடக்கம் உயர்ந்ததாயின் உருவம் தானே அமையும் என வாதிடுவோர் ஆழ்ந்து நோக்கவேண்டிய படம் இது.

இதை எவரிலும் நன்கறிந்தவர் வான் கோவே. சார்ள்ஸ் பார்க் என்பவர் மாணவருக்கென வெளியிட்டிருந்த பாடப் படங்களைத் தருவித்து, கரியால் வரையும் பயிற்சிக்குரிய அறுபது தாள்களையும் பிரதி செய்தார். மில்லேயின் 'நிலங்கொத்துவோர்', 'விதைப்பவன்' ஆகிய படங்களை அச்சுப் பிரதிகளிலிருந்து பார்த்து வரைந்தார். உடற்கூற்றியலையும் தூரநோக்கு விதிகளையும் நூல்களிற் கற்றார். இருபத்தேழு வயது மனிதர் ஒருவர், பள்ளி மாணவனுக்குரிய பாடங்களை நாணமின்றி ஒன்றிலிருந்து தொடங்கிய செயல் அது.

பயிற்சியும் எதிர்ப்பும்

1881 இல் எற்றன் என்னுமிடத்தில் பெற்றோரோடு வாழ்ந்த காலத்தில் உள்ளூர் மக்களை மாதிரிகளாக இருத்தி வரைந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஹேக் நகருக்குச் சென்று, உறவினரும் அக்கால ஒல்லாந்தின் புகழ்பெற்ற ஓவியருமான அன்ரன் மோவிடம் பாடங் கேட்டார். நீர்வர்ணத்தையும் நெய்வர்ணத்தையும் கையாளும் முறையை அவருக்கு முதலிற் காட்டியவர் மோவே. ஆனால், இவ்வுறவு நீடிக்கவில்லை. சாந்து வார்ப்புச் சிலைகளைப் பார்த்து வரையுமாறு மோவ் வற்புறுத்தியபோது, வான் கோ வீடு திரும்பி அச்சிலைகளைக் கரிக்கூடைக்குள் எறிந்து நொறுக்கினார். உயிருள்ள கைகால்கள் உலகில் இல்லாதொழிந்தாலன்றி இனிச் சாந்தை வரைவதில்லை என்னும் பொருள்படத் தம்பிக்கும் எழுதினார்.

மனோரதியப் பாங்கில் எழுதும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இந்நிகழ்ச்சியைப் பெரிதும் போற்றுவர். கல்விக்கூட மரபின் அடக்குமுறைக்கு எதிரான மேதையின் கிளர்ச்சி இது என்பர். ஆனால், அதே 1882 ஆம் ஆண்டில் அவர் செய்த மற்றொரு காரியத்துக்கு அவர்கள் அத்துணை முக்கியத்துவம் அளிப்பதில்லை. நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்ட சட்டமொன்றை அவர் செய்வித்துக்கொண்டார். இரும்பு முனைகள் பொருத்திய கோல்களில் அதை நிறுத்தி, அதனூடாகக் கடற்கரையையும் வயலையும் நோக்கி, தொலைவுக்கேற்பப் பொருள்கள் எவ்வாறு சிறுக்கின்றன என்பதை அளந்து வரைந்தார். சிலையை உடைத்தவரே சட்டத்தையும் கட்டினார். அவர் எதிர்த்தது பயிற்சியையன்று. தமது பொருளிலிருந்து தம்மைப் பிரித்துவிடும் பயிற்சியையே எதிர்த்தார் என்பது இதனாற் பெறப்படும்.

இப்பயிற்சி எதைச் சாதித்தது என்பதை அளப்பதற்கு ஒரு முதியவரின் உருவம் உதவுகின்றது. நெருப்பருகே நாற்காலியில் அமர்ந்து தலையைக் கைகளில் தாங்கியிருக்கும் கிழவர் ஒருவரை 1881 இல் எற்றனில் வான் கோ வரைந்தார். அப்படத்தில் முதியவர் அறையிலுள்ள பொருள்களுள் ஒருவராகவே இருக்கின்றார். வறுமையைச் சொல்வதற்கு வரைந்தவர் சூழலைத் துணைக்கழைக்கின்றார். 1882 நவம்பரில், ஹேக் நகரின் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த மனிதரை மாதிரியாகக் கொண்டு அதே நிலையை மீண்டும் வரைந்தார். இப்பென்சிற் படத்திற் சூழல் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றது. முழங்கால்களில் ஊன்றிய முழங்கைகள், கண்களை அழுத்தும் இறுகிய முட்டிகள், உடலின் பாரத்தால் மடிந்து தொங்கும் முரட்டு உடை, நிலத்திற் பதிந்த தேய்ந்த காலணிகள் என்பனவே எஞ்சுகின்றன. முகம் காட்டப்படவில்லை. ஆயினும், பார்ப்பவர் அம்முகத்தை அறிகின்றார்.

ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாற்றம் இது. கை தேர்ந்தது என்று மட்டும் இதைக் கூறுதல் போதாது. 1880 இல் 'துன்புறும் மனிதர்' என்ற பொதுக் கருத்தை வரைந்தவர், 1882 இல் ஒரு முழங்காலின் மீது ஒரு முழங்கை எவ்வாறு அழுந்துகின்றது என்பதைப் பார்க்கின்றார். மணிக்கணக்காக உற்றுநோக்கி வரையும் பழக்கம் அவருடைய பரிவைப் பொதுமையிலிருந்து தனிமனிதனிடத்துக்கு இறக்கிவிட்டது. அம்முதியவரின் தோற்றத்திலேயே மனிதனுக்கு அப்பாற்பட்ட ஏதோவொன்றின் சான்றைத் தாம் கண்டதாக வான் கோ தம்பிக்கு எழுதியமையும், அப்படத்தைக் கல்லச்சில் பதித்தமையும், கல்லச்சுப் படங்களைத் தொழிலாளர் வீடுகளுக்கு மலிவாகச் சென்றடையச் செய்யும் திட்டமொன்றை அந்நாட்களில் வகுத்தமையும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கவை. இரக்கம் இப்போது தாளில் ஏறியிருந்தது. ஆகவேதான், பிறர் வீட்டுச் சுவரையும் அதனால் நாட முடிந்தது.

வழுவும் மொழியும்

1883 இன் இறுதியில் நூனன் கிராமத்துக்குச் சென்ற வான் கோ, அங்கு நெசவாளரையும் உழவரையும் இரண்டு ஆண்டுகள் வரைந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட உழவர் முகங்களைத் தீட்டிப் பழகிய பின்னர், 1885 ஏப்ரல், மே மாதங்களில் 'உருளைக்கிழங்கு உண்போர்' என்னும் ஓவியத்தை ஆக்கினார். அதன் கல்லச்சுப் பிரதியைப் பெற்ற நண்பரும் ஓவியருமான வான் றப்பார்ட், உருவங்களின் கைகளும் உடலமைப்பும் பிழையானவை எனக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். வான் கோ அக்கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். அந்நட்பு பின்னர் முறிந்தது.

இவ்விவாதத்தில் வான் கோவின் பக்கம் நிற்பது இன்று எளிது. ஆனால், வான் றப்பார்ட் சுட்டிய குறைகள் கற்பனையல்ல என்பதை நேர்மையான விமர்சனம் ஏற்றல் வேண்டும். உருவங்கள் ஒரே மேசையைச் சுற்றி இருந்தும் ஒருவரையொருவர் நோக்காமல் இருக்கின்றன. சில கைகள் தோளோடு பொருந்தி வரவில்லை. வான் கோ அளித்த மறுமொழியின் சாரம் வேறு. கல்விக்கூட ஓவியங்களில் நிலங்கொத்தும் உருவம் எவ்விதப் பிழையுமற்றது. ஆனால், அது நிலத்தைக் கொத்துவதில்லை என அவர் வாதிட்டார். வேலை செய்யும் உடலின் உண்மை, அளவின் சரியைக் கடந்தது என்பதே அவர் நிலைப்பாடு. கிழங்கை எடுக்கும் அக்கைகளே நிலத்தைத் தோண்டிய கைகளுமாகும் என்பதைக் காட்டுதலே தமது நோக்கமென அவர் கூறியுள்ளார்.

இவ்வாதம் ஆழமானது, அதே வேளையில் ஆபத்தானதும் ஆகும். தன் இயலாமையை மறைக்க விரும்பும் எந்தக் கற்றுக்குட்டியும் இதையே கேடயமாகக் கொள்ளலாம். வான் கோ அவ்வாறு கொண்டாரா என்பதே உரைகல். 1886 இன் தொடக்கத்தில் அவர் அன்ற்வேர்ப் கலைக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். அவ்வாண்டில் பாரிஸ் சென்று கோர்மோனின் பயிற்சிக்கூடத்தில் இடம் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நொறுக்கிய அதே வகையான சாந்து வார்ப்புகளை அங்கே பொறுமையோடு வரைந்தார். சரியான கோட்டைக் கடந்து செல்லும் உரிமையை, அக்கோட்டை விடாது தேடியவர் என்ற முறையிலேயே அவர் கோரினார். விதியை மீறுவோனுக்கும் விதியை அறியாதோனுக்குமுள்ள வேறுபாடு இதுவே.

நாணற் பேனையின் சாதனை

1888 பெப்ரவரியில் தென் பிரான்சின் ஆர்ள் நகருக்குச் சென்ற பின்னரே வான் கோவின் கோடு முழுமையாக அவருடையதாயிற்று. பாரிஸில் அவர் சேர்த்த யப்பானிய மர அச்சுப் படங்களின் பரிச்சயமும், அப்பகுதியில் வளர்ந்த நாணலைச் சீவிச் செய்த பேனையும் இதற்குத் துணைநின்றன. நாணற் பேனை மையை நெடுநேரம் தாங்காது; எனவே நீண்ட கோட்டை இழுக்க அது இடந்தராது. அக்குறையே ஒரு மொழியாயிற்று. புள்ளி, சிறு கோடு, வளைவு, அடுக்கிய கீறல் என்பன வயலாகவும் வைக்கோலாகவும் வெயிலாகவும் காற்றாகவும் மாறின. அவ்வாண்டு யூலையில் மொன்மயூர்க் குன்றிலிருந்து வரைந்த பெருநிலக் காட்சிகளிற் சிலவற்றைத் தம் பேனைப் படங்களுள் மிகச் சிறந்தனவென அவரே மதித்தார்.

இங்கு 'விதைப்பவன்' படங்களை ஒப்பிடலாம். 1881 இல் மில்லேயின் படத்தை அச்சுப் பிரதியிலிருந்து பேனையால் வரைந்தபோது, செதுக்கச்சின் கோடுகளையே வான் கோ பின்பற்றினார். அது உருவத்தின் நகலாக மட்டுமன்றி, கோட்டின் நகலாகவும் இருந்தது. 1888 நவம்பரில் ஆர்ளில் தீட்டியதில், பெரிய மஞ்சட் கதிரவன் விதைப்பவனின் தலைக்குப் பின்னே வட்டமாக நிற்கின்றது. முன்னணியில் ஒரு மரம் படத்தைக் குறுக்கறுத்துச் சாய்ந்து செல்கின்றது. அம்மரத்தின் நிலை யப்பானிய அச்சிலிருந்து வந்தது. விதைப்பவன் மில்லேயிடமிருந்து வந்தவன். ஆனால், படம் எவருடைய நகலுமன்று. ஏழு ஆண்டுகளில் கைவிடப்படாதது பொருள், ஈட்டப்பட்டது மொழி.

திரும்பிப் பார்த்தல்

வான் கோவின் வளர்ச்சி ஏணிப்படியாக அமைந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால், 1890 இல் சென் றெமி மருத்துவ இல்லத்தில் நோயுற்றிருந்த காலத்தில் அவர் தம் ஆரம்பத்தை நோக்கித் திரும்பினார். பழைய உருவப் படங்களைத் தேடி அனுப்புமாறு ஏப்ரல் மாதத்தில் தம்பியைக் கேட்டார். உருளைக்கிழங்கு உண்ணும் உழவரை மீண்டும் தீட்ட எண்ணியிருப்பதாகவும் எழுதினார். மே மாதத்தில், 1882 இன் முதியவரைக் கல்லச்சுப் பிரதியிலிருந்து நெய்வர்ணத்தில் ஆக்கினார். நீல உடை, மஞ்சள் நாற்காலி, அருகே சிறு நெருப்பு, விரிந்து செல்லும் தரைப் பலகைகள் ஆகியன அதிற் காணப்படுகின்றன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, 'பின்னையது சிறந்தது' என உடனே கூறிவிட இயலாது. வர்ணத்தின் ஆட்சியும் வெளியின் வெறுமையும் 1890 ஆம் ஆண்டுப் படத்துக்கே உரியன. நீலத்துக்கும் மஞ்சளுக்குமிடையேயுள்ள முரண் அத்துயரத்தை உரத்துக் கூறாமலே உணர்த்துகின்றது. ஆனால், உயிருள்ள மாதிரியை முன்னிருத்தி வரைந்த 1882 ஆம் ஆண்டுப் படத்தின் உடற்கனம் இதில் இல்லை. அன்று ஒரு மனிதரின் தேய்ந்த முழங்கால்களைப் பார்த்தவர், இன்று தம் நினைவையும் தம் துயரையும் பார்க்கின்றார். ஒன்றைப் பெறும்போது கலைஞன் மற்றொன்றை இழக்கின்றான் என்பதை இவ்வொப்பீடு காட்டுகின்றது. ஆரம்பகாலப் படைப்பைத் திரும்பிப் பார்ப்பதன் முழுப் பயனும், வந்த தொலைவை அளப்பதோடு வழியில் விடுபட்டதையும் இனங்காண்பதிலேயே உள்ளது.

வான் கோ இதை உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. தம் படைப்புகளுள் நூனனில் தீட்டிய கிழங்குண்போர் படமே சிறந்ததென 1887 இல் பாரிஸிலிருந்து தங்கை வில்லெமினுக்கு எழுதினார். 1890 மே மாதத்தில் ஓவேர் கிராமத்தை அடைந்ததும், தொடக்க மாணவனாகப் பிரதி செய்த பார்க்கின் அறுபது பயிற்சிப் படங்களை மீண்டும் வரைய விரும்பி, அவற்றை அனுப்பும்படி தம்பியைக் கேட்டார். 'விண்மீன் இரவு' போன்ற ஓவியங்களை ஆக்கி முடித்த ஒருவரின் வேண்டுகோள் இது. இரண்டு மாதங்களில், யூலை 29 இல், அவர் இறந்தார்.

ஆரம்பகாலப் படங்களுக்கு நேர்ந்த கதியையும் இங்கு கூறுதல் தகும். 1886 இல் அவருடைய தாய் நூனனை விட்டு பிரேடா நகருக்குப் பெயர்ந்தபோது, மகன் விட்டுச்சென்ற பெருந்தொகையான படங்கள் பெட்டிகளில் இடப்பட்டு ஒரு தச்சரிடம் வைக்கப்பட்டன. அவை பின்னர் பழம்பொருள் வியாபாரியின் கைக்குச் சென்றன. சில அற்ப விலைக்கு விற்கப்பட்டன, சில அழிந்தன. பின்னாளின் புகழ் அவற்றைத் தேடிவந்தபோது, அவற்றுள் ஒரு பகுதியே எஞ்சியிருந்தது. தொடக்கத்தை வெறும் குப்பையெனக் கருதும் மனப்பான்மை, ஒரு கலைஞனின் வளர்ச்சிக்கான சான்றையே அழித்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. எழுத்தாளரின் 'முதிர்ச்சியற்ற' ஆக்கங்களைத் தொகுப்புகளிலிருந்து நீக்கிவிடும் பதிப்பாசிரியர்களுக்கும், முதல் முயற்சிகளைக் கிழித்தெறியும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

தனிப்பாடல் எழுப்பிய வினாவுக்கு வான் கோவின் பத்தாண்டுகள் தரும் விடை இதுதான்: சித்திரம் பழக்கத்தால் வருவது என்பது உண்மை. இரக்கம் பிறப்போடு வருவது என்பதும் உண்மையாயிருக்கலாம். ஆனால், பிறப்போடு வந்த இரக்கம் பொரினாஜ் படத்திற் காண்பதுபோல் ஊமையாகவே இருக்கின்றது. அதற்கு நாவைக் கொடுத்தது கையின் பழக்கம். அத்துடன், அப்பழக்கம் இரக்கத்தையே கூர்மையாக்கி, 'மக்கள்' என்ற சொல்லிலிருந்து ஒரு முதியவரின் முட்டிகள்வரை அதை இட்டுச்சென்றது. உள்ளடக்கமா உருவமா என நெடுங்காலமாக நடைபெற்றுவரும் விவாதத்தில், உருவத்தைத் தேடும் உழைப்பே உள்ளடக்கத்தை ஆழமாக்குகின்றது என்னும் இவ்வுண்மை போதிய கவனத்தைப் பெறவில்லை. பனியில் நடக்கும் அச்சுரங்கத் தொழிலாளரின் பிழையான கால்கள் பேணப்பட வேண்டியவை. அவை இல்லையேல், முதியவரின் தேய்ந்த காலணிகள் எவ்வளவு தொலைவு நடந்து வந்தவை என்பதை அறிய வழியில்லை.